கஞ்சியில் விழுந்த பருக்கை!



இன்று நாம் பேசப்போகும் விஷயத்தைக் கேட்டதும் சிலர் மூக்கைப் பிடித்துக்கொள்வீர்கள். சிலர் 'களுக்'கென்று சிரிப்பீர்கள். பரவாயில்லை, சிரித்து முடித்துவிட்டே வாருங்கள். விஷயம், சிறுநீர்!

முதலில் ஒரு கேள்வி. நோய் நொடி இல்லாத ஒருவரின் சிறுநீரில், அவருடைய ரத்தத்தில் உள்ள புரதம் கலந்திருக்குமா, கலந்திருக்காதா?

"கலந்திருக்காது டீச்சர்!" என்று நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் உடனே கை தூக்குவார்கள். நானும் பல வருடங்கள் வகுப்பில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். அது தவறு என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவன், ஐந்தாம் வகுப்பில் படித்த ஒரு பையன். அந்தக் கதையைத்தான் முதலில் சொல்லப்போகிறேன்.

வீங்கிய கண்கள்

1990-களின் தொடக்கம். அப்போது நான் வண்ணாரப்பேட்டையில் ஒரு பள்ளியில் வேலை பார்த்தேன். என் வகுப்பில் ஒரு பையன் சில நாட்களாகக் காலையில் கண் இரண்டும் உப்பிப்போய் வருவான். இமைகள் பலூன் போல வீங்கியிருக்கும். மற்ற பிள்ளைகள் அவனுக்கு 'தவளைக் கண்ணா' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

நானாவது அவர்களைக் கண்டித்திருக்க வேண்டாமா? "ராத்திரி தூங்காமல் டி.வி. பார்த்தாயா?" என்று அவனைத்தான் திட்டினேன். அவன் ஒன்றும் பேசாமல் தலையைக் குனிந்துகொண்டான். இன்று நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நான்காம் நாள் அவனுடைய அம்மாவே வந்தார். தெருமுனையில் இட்லிக் கடை வைத்திருந்தவர். "காலைல எழுந்தா கண்ணு ரெண்டும் உப்பிக்கினு இருக்குது டீச்சர். சாயந்தரம் கண்ணு வடிஞ்சுடுது, கால் வீங்கிடுது. சட்டை பட்டன் போட முடியல, வயிறு வேற பெருத்துக்கினே போவுது" என்றார்.

எனக்குப் பகீரென்றது. மறுநாள் இருவரையும் அழைத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போனேன்.

அங்கிருந்த டாக்டர் பையனின் சிறுநீரை ஒரு சோதனைக் குழாயில் முக்கால் பங்கு எடுத்தார். குழாயைச் சாய்த்துப் பிடித்து, மேல் பகுதியை மட்டும் ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். சற்று நேரத்தில் மேலே பால் போல வெண்மையாகத் திரண்டது. கீழ்ப் பகுதி தெளிவாகவே இருந்தது. அதில் இரண்டு மூன்று சொட்டு அசிட்டிக் அமிலம் விட்டார். வெண்மை கரையவில்லை.

"சில உப்புகளும் சூட்டில் இப்படித் திரியும். ஆனால், அமிலம் பட்டதும் அவை கரைந்துவிடும். கரையாமல் நின்றால் அது புரதம். முட்டையை வேக வைத்தால் வெள்ளைக்கரு கெட்டியாகிறதே, அதேதான் இது" என்று விளக்கினார்.

பிறகு பக்கத்தில் இருந்த வேறொரு குழாயை எடுத்தார். அது ஆரோக்கியமான ஒருவருடையது. அதையும் சூடாக்கினார். கண்ணாடி போலத் தெளிவாகவே இருந்தது.

"அப்படியென்றால் இதில் புரதமே இல்லை, அப்படித்தானே டாக்டர்?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "இருக்கிறது டீச்சர். நம் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு இல்லை, அவ்வளவுதான்!"

சோறு வடிக்கும் சிறுநீரகம்

ரத்தத்தில் சிவப்பணுக்கள், வெள்ளணுக்கள் எல்லாவற்றையும் நீக்கிவிட்டால் மிஞ்சும் இளமஞ்சள் நீருக்குப் பிளாஸ்மா என்று பெயர். ஒரு லிட்டர் பிளாஸ்மாவில் சுமார் 70 கிராம் புரதம் கரைந்திருக்கிறது. அதில் பாதிக்கு மேல் இருப்பது ஆல்புமின். நோய்க் கிருமிகளோடு போராடும் இம்யூனோகுளோபுலின், இரும்புச் சத்தைச் சுமந்து செல்லும் டிரான்ஸ்ஃபெரின் என்று இன்னும் பல புரதங்களும் உண்டு.

இப்போது அம்மா சோறு வடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். தட்டை மூடிப் பானையைச் சாய்த்தால் கஞ்சி வெளியே வரும், சோறு உள்ளே நிற்கும். நம் சிறுநீரகம் செய்வதும் இதே வேலைதான். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. நீர், உப்பு, யூரியா போன்ற சின்னச் சின்னப் பொருட்கள் அவற்றின் வழியே வடிந்துவிடும். பெரிய புரதங்கள் ரத்தத்திலேயே நின்றுவிடும்.

நம் வண்ணாரப்பேட்டைக்காரர்களுக்குக் கஞ்சி புதிதல்ல. பக்கத்தில் உள்ள ஸ்டான்லி மருத்துவமனையைப் பெரியவர்கள் 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி' என்பார்கள். 1782-இல் பஞ்சம் வந்தபோது ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றிய சத்திரத்தில் தொடங்குகிறது அந்த மருத்துவமனையின் கதை!

சரி, எவ்வளவு கவனமாக வடித்தாலும் கஞ்சியில் இரண்டு பருக்கை விழத்தானே செய்யும்? சிறுநீரகத்திலும் அப்படித்தான். வடிகட்டியைத் தாண்டிக் கொஞ்சம் புரதம் நழுவிவிடுகிறது. சிக்கனமான அம்மா கஞ்சியில் விழுந்த பருக்கையை எடுத்து மறுபடி பானையில் போடுவார் அல்லவா? வடிகட்டியை அடுத்துள்ள நுண்குழாய்களும் நழுவிய புரதத்தைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்கின்றன. அதையும் தாண்டி ஒன்றிரண்டு பருக்கை தப்பிப் போகும். அதுதான் ஆரோக்கியமானவரின் சிறுநீரில் இருக்கும் ரத்தப் புரதம்.

எவ்வளவு தப்பும்? நோட்டை எடுங்கள், ஒரு கணக்குப் போடுவோம்.

பெரியவர் ஒருவரின் சிறுநீரகங்களுக்குள் நிமிடத்துக்குச் சுமார் 600 மில்லி லிட்டர் பிளாஸ்மா பாய்கிறது. ஒரு நாளைக்கு 1,440 நிமிடம். பெருக்கினால் 864 லிட்டர்! அவ்வளவு ரத்தம் நம் உடம்பில் ஏது? இருக்கிற சுமார் 3 லிட்டர் பிளாஸ்மாதான் திரும்பத் திரும்பச் சுற்றி வருகிறது.

லிட்டருக்கு 70 கிராம் என்றால், ஒரு நாளில் சிறுநீரகத்தின் வாசலைக் கடக்கும் புரதம் சுமார் 60 கிலோ. ஓர் ஆளின் எடை! அதிலிருந்து சிறுநீருக்குப் போவது எவ்வளவு தெரியுமா? ஆரோக்கியமானவருக்கு எல்லாப் புரதமும் சேர்த்து ஒரு நாளைக்கு 150 மில்லி கிராமுக்கு மேல் போகாது. காய்ச்சலுக்குப் போடும் 500 மில்லி கிராம் மாத்திரையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதிலும் ஆல்புமின் 30 மில்லி கிராமுக்கும் குறைவு.

நான்கு லட்சம் பருக்கையில் ஒன்றுக்கு மேல் கீழே விழுவதில்லை. இப்படிச் சோறு வடிக்க யாரால் முடியும்?

கரண்டியும் மெழுகுவத்தியும்

சிறுநீரைப் பார்த்து நோயை அறிவது நமக்குப் பழைய கலை. சித்த மருத்துவர்கள் சிறுநீரின் நிறம், மணம், நுரை ஆகியவற்றைப் பார்ப்பது நீர்க்குறி. அதில் ஒரு துளி நல்லெண்ணெய் விட்டு, அது பரவும் விதத்தைப் பார்ப்பது நெய்க்குறி.

இத்தாலியில் டொமெனிகோ கொட்டூன்யோ என்ற மருத்துவர், உடல் வீங்கிய ஒரு படை வீரனின் சிறுநீரைக் கொதிக்க வைத்தார். அது வெந்த முட்டையின் வெள்ளைக்கரு போலத் திரண்டது. இதை அவர் எழுதியது 1764-இல்.

1827-இல் லண்டன் கைஸ் மருத்துவமனையில் ரிச்சர்ட் பிரைட் என்ற மருத்துவர் இன்னும் ஒரு படி மேலே போனார். ஒரு கரண்டியில் சிறுநீரை எடுத்து மெழுகுவத்திச் சுடரில் காட்டுவார். யாருடைய சிறுநீர் திரிகிறதோ, அவர்களுடைய சிறுநீரகம் கெட்டிருக்கிறது என்று காட்டினார். அதனால் அந்த நோய்க்கே 'பிரைட் நோய்' என்று பெயர் வந்தது.

அதன் பிறகு நீண்ட காலம் பலரும், 'திரிந்தால் நோய், திரியாவிட்டால் புரதம் இல்லை' என்றே நினைத்தார்கள். நான் வகுப்பில் சொன்னதும் அதைத்தான்!

கண்ணுக்குத் தெரியாததைப் பிடித்த கதை

1950-இல் அமெரிக்காவில் இகோர் டாம், ஃபிராங்க் ஹார்ஸ்ஃபால் என்ற இருவர் நலமாக இருப்பவர்களின் சிறுநீரிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். இன்ஃபுளூயன்சா வைரஸ் ரத்த அணுக்களில் ஒட்டுவதை அது தடுத்தது. ஆனால், அது ரத்தத்திலிருந்து வந்ததல்ல, சிறுநீரகமே தயாரித்தது! இன்று அதற்கு யூரோமோடுலின் என்று பெயர். ஆரோக்கியமான சிறுநீரில் மிக அதிகமாக இருக்கும் புரதம் இதுதான்.

அப்படியானால் ரத்தப் புரதம்? சுவீடன் விஞ்ஞானி இங்கமார் பெர்கார்ட் 1961-இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். நிறைய சிறுநீரைச் சேர்த்து, அதிலுள்ள நீரை நீக்கிச் சுண்ட வைக்க வேண்டும். ரசத்தைச் சுண்ட விட்டால் உப்பு தூக்கலாகத் தெரிகிறதே, அதுபோல! பிறகு ஒவ்வொரு புரதத்தோடும் மட்டும் ஒட்டிக்கொள்ளும் 'எதிர்ப்பொருள்' கொண்டு சோதிக்க வேண்டும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் வெள்ளைக் கோடு தெரியும். இப்படிப்பட்ட ஆய்வுகளில்தான் ஆல்புமின், டிரான்ஸ்ஃபெரின், இம்யூனோகுளோபுலின் என்று ஒவ்வொன்றாக, நோயில்லாதவர்களின் சிறுநீரிலும் பிடிபட்டன.

இருப்பது தெரிந்துவிட்டது. சுண்ட வைக்காமல் அப்படியே அளப்பது எப்படி? அதற்கும் வழி பிறந்தது. எங்கே? ரிச்சர்ட் பிரைட் மெழுகுவத்தி பிடித்த அதே கைஸ் மருத்துவமனையில்! 1963-இல் ஹாரி கீன், குளோவரகிஸ் என்ற இருவர் அதை வெளியிட்டார்கள்.

அந்த முறை நம் நாற்காலி விளையாட்டு போலத்தான். எதிர்ப்பொருள்கள்தான் நாற்காலிகள். கதிரியக்க அயோடின் என்ற 'கொடி' பிடித்த ஆல்புமின்கள், எண்ணி வைத்த ஒரு கூட்டம். கொடி இல்லாத ஆல்புமின்கள் சிறுநீரிலிருந்து வருபவை. இரண்டு கூட்டத்தையும் சேர்த்து விட்டால் நாற்காலிக்குப் போட்டி நடக்கும். கடைசியில் எத்தனை கொடிகள் உட்கார்ந்திருக்கின்றன என்று கருவி அளந்து சொல்லும். கொடி குறைந்திருந்தால், சிறுநீர் ஆல்புமின் அதிகம் வந்து இடம் பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

2006-இல் ஜெர்மனியைச் சேர்ந்த மத்தியாஸ் மான் குழுவினர், ஆரோக்கியமானவர்களின் சிறுநீரில் 1,500-க்கும் மேற்பட்ட வகைப் புரதங்களைப் பட்டியலிட்டார்கள். 'ஒன்றுமே இல்லை' என்று சொன்ன இடத்தில் எத்தனை பாருங்கள்!

இத்தனை நுணுக்கமாக அளந்து என்ன பயன்?

பெரும் பயன் உண்டு. ஆரோக்கியமானவருக்கு எவ்வளவு என்று தெரிந்தால்தானே, கூடிப்போனதைக் கண்டுபிடிக்க முடியும்?

சர்க்கரை நோய் உள்ளவருக்குச் சிறுநீரகம் கெடத் தொடங்கும்போது வலி இருக்காது, வீக்கம் இருக்காது. ஆல்புமின் மட்டும் 30 மில்லி கிராமைத் தாண்டி 50, 100 என்று மெல்ல ஏறும். சூடாக்கிப் பார்க்கும் சோதனையில் இந்த ஆரம்ப ஏற்றம் தப்பிவிடும். கீன் காட்டிய வழியில் நுட்பமாக அளந்தால் தெரியும். அப்போதே சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் கட்டுப்படுத்தினால் சிறுநீரகம் கெடுவதைத் தாமதப்படுத்தலாம். முழுவதும் கெட்ட பிறகு தெரிந்தால், டயாலிசிஸ்தான். இல்லாவிட்டால் மாற்றுச் சிறுநீரகம் பொருத்த வேண்டும்.

பழைய எளிய சோதனைகளுக்கு மதிப்பில்லை என்று நினைத்துவிடாதீர்கள்! சென்னை சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி, 'கிட்னி ஹெல்ப் டிரஸ்ட்' மூலம் 1990-களில் ஒரு வேலையைத் தொடங்கினார். சென்னையைச் சுற்றியுள்ள கிராமங்களில் சுமார் 25,000 பேரை வீடு வீடாகச் சென்று சோதிப்பது. போனவர்கள் டாக்டர்கள் அல்ல. பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்கள்!

அவர்கள் கொண்டுபோனது இரண்டு மருந்துப் புட்டிகள். ஒன்று சல்ஃபோசாலிசிலிக் அமிலம். சிறுநீரில் புரதம் கூடியிருந்தால் இது பட்டதும் கலங்கும். அடுப்பே வேண்டாம். இன்னொன்று பெனடிக்ட் கரைசல், சர்க்கரையைக் காட்டும். கூடவே ரத்த அழுத்தமும் பார்த்தார்கள். கோளாறு தெரிந்தவர்களுக்கு விலை குறைந்த மருந்துகளைக் கொடுத்தார்கள். ஆளுக்கு ஒரு வருடச் செலவு, அமெரிக்கக் காசில் 27 சென்ட். அன்றைய நம் காசில் 12, 13 ரூபாய்! இந்தக் கணக்கை 2000-களில் உலக மருத்துவ இதழில் அவர் வெளியிட்டார்.

தேதி போட்ட நோட்டு

அந்தப் பையன் என்ன ஆனான் என்றுதானே கேட்கிறீர்கள்?

அவனுக்கு வந்தது நெஃப்ரோடிக் சின்ட்ரோம். சிறு பிள்ளைகளுக்கு வரும் நோய். வடிதட்டு விலகினால் கஞ்சியோடு சோறும் கொட்டுமே, அதுபோல அவனுடைய ஆல்புமின் கொட்டிக்கொண்டிருந்தது. நீரை ரத்தத்துக்குள் பிடித்து வைப்பது ஆல்புமின்தான். அது குறைந்தால் நீர் ரத்தக் குழாயை விட்டுக் கசிந்து சதையில் தேங்கும். இரவெல்லாம் படுத்திருப்பதால் காலையில் இமையில் தேங்குகிறது. பகலில் நடமாடுவதால் சாயந்தரம் காலுக்கு இறங்குகிறது. டி.வி. பார்த்ததால் அல்ல!

டாக்டர் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார். உப்பைக் குறைக்கச் சொன்னார். அவனுடைய அம்மாவுக்கும் ஒரு வேலை கொடுத்தார். தினமும் காலையில் முதல் சிறுநீரைக் குழாயில் எடுத்து, சல்ஃபோசாலிசிலிக் அமிலச் சொட்டுகளை விட்டுப் பார்க்க வேண்டும். குழாய்க்குப் பின்னால் அச்சடித்த தாளைப் பிடித்து, எழுத்து எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்று பார்த்துக் குறிக்க வேண்டும். கலங்கினால் கலக்கத்துக்கு ஏற்பக் கூட்டல் குறிகள். கலங்காவிட்டால் சுழி.

அந்த அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். நான் 40 பக்க நோட்டு ஒன்றில் தேதி போட்டுக் கட்டம் கட்டிக் கொடுத்தேன். விடியற்காலை இட்லி ஊற்றுவதற்கு முன்னால் இந்தச் சோதனையைச் செய்துவிடுவார். மூன்று கூட்டல், மூன்று கூட்டல், இரண்டு கூட்டல் என்று நோட்டு நிறைந்துகொண்டே வந்தது. ஒரு நாள் காலை பள்ளிக்கே ஓடி வந்தார்.

"டீச்சர், மூணு நாளா சுழி!"

தொடர்ந்து மூன்று நாள் சுழி வந்தால் நோய் அடங்கிவிட்டது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பரீட்சையில் சுழி வாங்கியதற்கு நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு முறைதான்!

பிறகும் இரண்டு முறை நோய் திரும்பியது. ஒவ்வொரு முறையும் கண் வீங்குவதற்கு முன்பே நோட்டு காட்டிக் கொடுத்துவிட்டது. வளர வளர நோய் வருவது நின்றது. இன்று அவனுக்குக் குடும்பம், குழந்தை எல்லாம் உண்டு. வழியில் பார்த்தால், "டீச்சர், இப்பவும் சுழிதான்" என்று சிரிப்பான்.

அவனை அன்று திட்டியதற்கு நான் வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டேன். 'தவளைக் கண்ணா' என்று கூப்பிட்டவர்களும் கேட்டார்கள்.

நீங்களே செய்து பாருங்கள்!

(பெரியவர் ஒருவர் கட்டாயம் பக்கத்தில் இருக்க வேண்டும்.)

ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் முட்டை வெள்ளைக்கருவும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டுக் கலக்கித் துணியில் வடிகட்டுங்கள். இது முதல் டம்ளர். இதிலிருந்து ஒரு ஸ்பூன் எடுத்து இன்னொரு டம்ளர் தண்ணீரில் கலக்குங்கள். இது இரண்டாவது. அதிலிருந்து ஒரு ஸ்பூன் எடுத்து மூன்றாவது டம்ளர் தண்ணீரில் கலக்குங்கள்.

ஒவ்வொன்றிலும் சில சொட்டு வெள்ளை வினிகர் விட்டு, தனித்தனியாகச் சிறு பாத்திரத்தில் சூடாக்குங்கள். ஆறிய பிறகு கண்ணாடி டம்ளரில் ஊற்றிப் பாருங்கள். முதலாவது கலங்கியிருக்கும். மூன்றாவது தெளிவாக இருக்கும். மூன்றாவதில் புரதம் இல்லையா? நீங்களே கலந்தீர்களே! இருக்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை.

முட்டை சாப்பிடாத வீட்டுப் பிள்ளைகள், படித்துத் தெரிந்துகொண்டால் போதும்.

மனதில் வையுங்கள்

* காலையில் கண் இமை, சாயந்தரம் கால் வீங்கினாலோ, சிறுநீர் தினமும் சோப்பு நுரை போல நுரைத்தாலோ, சிவப்பாகப் போனாலோ வீட்டில் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டாம்.

* காய்ச்சலின்போதும், ஓட்டப் பந்தயம் போலக் கடுமையாக உடற்பயிற்சி செய்த பிறகும், ஆரோக்கியமானவருக்கே சில மணி நேரம் புரதம் கூடுதலாகப் போகலாம். வளரும் பிள்ளைகள் சிலருக்குப் பகலில் நடமாடும்போது மட்டும் கூடும், இரவு படுத்ததும் சரியாகிவிடும். அதனால்தான் டாக்டர் காலை முதல் சிறுநீரைக் கேட்கிறார். ஒரு முறை 'புரதம் உண்டு' என்று வந்தால் பயப்படாதீர்கள், மறுபடி பார்ப்பார்கள்.

* பள்ளியில் கழிவறைக்குப் போக வேண்டுமே என்று தண்ணீர் குடிக்காமல் இருக்காதீர்கள், அடக்கியும் வைக்காதீர்கள். ஆசிரியர்களே, பிள்ளைகள் கேட்டால் உடனே அனுப்புங்கள்!

* வீட்டில் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி யாருக்காவது சர்க்கரை நோயோ ரத்தக் கொதிப்போ இருக்கிறதா? "வருடத்துக்கு ஒரு முறை யூரின் ஆல்புமின் பார்த்தீர்களா?" என்று இன்றைக்கே கேளுங்கள்.

* ஒருவரின் உடம்பைப் பார்த்துப் பட்டப்பெயர் வைக்காதீர்கள். கண் ஏன் வீங்குகிறது என்று கேளுங்கள். கேட்டிருந்தால், என் மாணவன் நான்கு நாள் முன்னதாகவே டாக்டரிடம் போயிருப்பான்.

இனி யாராவது, "நோயில்லாதவர் சிறுநீரில் ரத்தப் புரதம் உண்டா?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? "உண்டு! நான்கு லட்சத்தில் ஒரு பருக்கைக்கு மேல் இல்லை!" என்று கை தூக்குங்கள் பார்ப்போம்!